பிள்ளை செஞ்சத நாம திருத்தலாமா? (வீட்டுல சின்னப் பிள்ளைங்களோட கைவேலை)

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், இன்னிக்குதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவனுக்கு ஆறு வயசு, கே2 (பாலர் பள்ளி ரெண்டாம் வருஷம்) போறான். சின்னவளுக்கு மூணு. போன மாசம் பெரியவனோட பாலர் பள்ளில, தூக்கிப் போடுற பொருள வச்சு ஒரு வண்டி செஞ்சு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி விட்டாங்க. அவன் சனிக்கிழமை முழுக்க உக்காந்து டிஷ்யூ பெட்டியில ஒரு பஸ் செஞ்சான். பாட்டில் மூடிதான் சக்கரம். ஒரு பக்கம் மூணு சக்கரம், இன்னொரு பக்கம் ஒண்ணே ஒண்ணு. ஏன்டா இப்படின்னு கேட்டா, "அந்தப் பக்கம் நிறைய பேரு உக்காருவாங்கம்மா, வெயிட்டு தாங்கணும்ல" அப்படின்னான். டேப்பு வேற சுத்தி சுத்தி ஒட்டி பஸ்ஸே தெரியல.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் தூங்கினதும் நான் என்ன செஞ்சேன்னா, அந்த டேப்ப எல்லாம் பிச்சிட்டு, சிவப்பு கலர் பேப்பர் ஒட்டி, ஜன்னல் வெட்டி, சக்கரத்த ரெண்டு ரெண்டா சமமா வச்சு ஒரு மணி வரைக்கும் உக்காந்து அழகா செஞ்சு வச்சிட்டேன். மத்த பிள்ளைங்க எல்லாம் பெரிசா கொண்டு வருவாங்களே, இவன் மட்டும் இப்படி கொண்டு போனா அவனுக்கு சங்கடமா இருக்குமேன்னு எனக்கு. காலையில எழுந்து வந்து மேசையப் பாத்தான். "என் பஸ் எங்கம்மா?"ன்னு கேட்டான். இதுதான்டா உன் பஸ்ஸுன்னேன். ஒண்ணும் பேசல. எடுத்துட்டுப் போனான், அங்க நல்லா இருக்குன்னு சொல்லி முன்னாடி வச்சாங்களாம். அவன் என்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

அதுல இருந்து கத்திரிக்கோலத் தொட மாட்டேங்குறான். படம் வரையச் சொன்னா, "நீ வரைஞ்சு குடு, நான் கலர் அடிக்கிறேன்"ங்குறான். மூணு வாரம் ஆச்சு. எனக்கு மனசே சரியில்ல. உங்க வீட்டுல பிள்ளைங்களோட என்ன கைவேலை செய்யுறீங்க, எப்படி செய்யுறீங்க, எங்க விடுறீங்க எங்க பிடிக்கிறீங்கன்னு சொல்லுங்க.

பாலர்_டீச்சர்

சிஸ், நான் பாலர் பள்ளியில பல வருஷமா இருக்கேன். பெத்தவங்க செஞ்சது எது பிள்ளை செஞ்சது எதுன்னு எங்களுக்குப் பாத்தவுடனே தெரியும். ஆனா முன்னாடி எடுத்து வைக்கிறப்ப நேர்த்தியா இருக்கறதத்தான் கை எடுக்குது, அது எங்க பக்கத்துத் தப்பு, நானும் செஞ்சிருக்கேன், இப்ப செய்யறதில்ல. வீட்டு வேலையா வண்டி செஞ்சிட்டு வான்னு அனுப்பறதையே நிறுத்திட்டேன், வகுப்புலயே பெட்டியக் குடுத்து செய்ய விட்டுடுறேன்.

நீங்க முதல்ல செய்ய வேண்டியது, அவன்கிட்ட நேரா சொல்லிடுங்க. "அன்னிக்கு உன் பஸ்ஸ நான் மாத்தினது தப்பு, உன்கிட்ட கேட்டிருக்கணும்"னு. ஆறு வயசுப் பிள்ளைக்கு இது நல்லாப் புரியும்.

அப்புறம், உடனே கத்திரிக்கோலப் பிடிக்கச் சொல்லாதீங்க. கையால கிழிக்கிறதுலேந்து ஆரம்பிங்க, மூணு வயசுக்காரியும் சேந்து செய்யலாம். பழைய பேப்பர ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒண்ண முன்னாடியும் ஒண்ண பின்னாடியும் இழுத்துக் கிழிக்கிறப்ப பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து வேலை செய்யும், பின்னாடி பென்சில் பிடிக்கிறதுக்கு அதே விரல்தான். சப்பாத்தி மாவு பிசையுறது, துணி கிளிப்ப அமுக்கி மாட்டுறது, பட்டாணி உரிக்கிறது, இதுவும் அப்படித்தான். கத்திரிக்கோல்ல கூட முதல் நாளே வட்டம் வெட்டச் சொன்னா எந்தப் பிள்ளையும் அழும். முதல்ல உறிஞ்சுகுழல சும்மா நறுக் நறுக்குன்னு வெட்ட விடுங்க, துண்டு பறக்கும், அதுங்களுக்கு ஒரே குஷி. அப்புறம் அகலமான நேர்கோடு, அப்புறம் வளைவு. மூணு வயசுல நறுக்கும், நேர்கோட்டுல போறதுக்கு நாலு ஆகும், வட்டம் இன்னும் லேட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்ன பின்ன இருக்கும்.

நாலாம்மாடி_அப்பா

எல்லாம் சரி டீச்சர், ஆனா ஷிப்டு வேலை பாக்குறவங்களுக்கு எங்க நேரம் இருக்கு? நான் எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றேன், பிள்ளை ஒன்பதுக்குத் தூங்கணும். கடையில கிட் விக்கிறாங்க, எல்லாத்தையும் வெட்டியே வச்சிருப்பாங்க, ஒட்டினா முடிஞ்சது. அது தப்பா? ஒண்ணும் செய்யாம டேப்லட்ட குடுக்கறதுக்கு இது தேவலாம்னு நினைக்கிறேன். மனசுல உள்ளத சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஈசூன்_தாத்தா

வணக்கம். எனக்கு வயசு எழுபது. பேரன் பேத்தி நாலு பேரு, பகல்ல நானும் வீட்டுக்காரியும்தான் பாத்துக்கறோம்.

நான் செம்பவாங் நேவல் பேஸ் (கடற்படைத் தளம்) குவார்ட்டர்ஸ்ல வளந்தவன், அப்பா அங்கதான் வேலை. 1971ல வெள்ளக்காரப் பட்டாளம் கிளம்பற வரைக்கும் எங்க வரிசையில தமிழ், மலையாளி, மலாய்னு எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணா மண்ணுலதான் கிடப்போம். விளையாட்டுச் சாமான் கடையில வாங்கினதா ஞாபகமே இல்ல. பால் டப்பா காலியாச்சுன்னா அம்மா எங்ககிட்ட குடுத்துடும். ரெண்டு பக்கமும் ஆணியால ஓட்ட போட்டு, உள்ள மண்ண ரொப்பி, கம்பிய விட்டு கயித்துல கட்டி இழுத்தா ரோடு போடுற ரோலர். சோடா மூடிய கல்லால தட்டித் தட்டி சப்பட்டையாக்கி, நடுவுல ரெண்டு ஓட்ட, நூல விட்டு முறுக்கி இழுத்தா விர்ர்ர்னு சுத்தும். அது விளிம்பு கைய வெட்டும், இப்ப பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க, கெட்டி அட்டையில வட்டமா வெட்டி அதே மாதிரி செய்யலாம், ஒரே பக்கத்துல பாதிக்கு ஒரு கலர் மீதிக்கு வேற கலர்னு அடிச்சா சுத்துறப்ப கலர் ஒண்ணா கலந்து தெரியும். பேத்திக்கு அது பைத்தியம்.

தங்கச்சி, நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். எங்கள யாரும் திருத்தல. ஆனா நாங்க திருத்திக்கிட்டோம். ரோலர் கோணலா ஓடுனா ஓட்ட நடுவுல இல்லன்னு நமக்கே தெரியும். மறுபடி வேற டப்பா. செஞ்ச பொருளே இது சரியில்லன்னு சொல்லிடும், அப்பா அம்மா சொல்ல வேணாம். உங்க மகன் பஸ்ஸ ஒரு பக்கம் மூணு இன்னொரு பக்கம் ஒண்ணுங்கற அந்தச் சக்கரத்தோட தரையில ஓட்டிப் பாத்திருந்தா அது சாஞ்சிருக்கும், அவனே இன்னொரு மூடி தேடி வந்திருப்பான். வராட்டியும் என்ன, அவனோட கணக்கு அவனுக்கு இருந்துச்சு. அதனால நான் பிள்ளைங்களுக்கு ஓடுற, மிதக்குற, பறக்குற, சுத்துற சாமானாத்தான் செய்யச் சொல்றது. சும்மா பாக்க வைக்கிற சாமான்னா பெரியவங்க கண்ணுக்கு அழகா இருக்கான்னு கேள்வி வந்துடும்.

நாலாம்மாடி தம்பி, கிட் தப்பில்ல. ஆனா அதுல பிள்ளைக்கு முடிவு பண்றதுக்கு என்ன இருக்குன்னு பாருங்க.

தேக்கா_பக்கம்

தாத்தா சொன்னது அருமை.

நாலாம்மாடி அண்ணே, உங்களுக்கு பத்து நிமிஷ வேலை ஒண்ணு சொல்றேன், எல்லாம் அடுக்களையிலயே இருக்கு. ஒரு டம்ளர் சுடுதண்ணியில ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் கலக்கி, வெள்ளப் பேப்பர்ல பிரஷ்ஷால முழுக்கத் தடவி ராத்திரி ஃபேன் கீழ காய விட்டுடுங்க. மறுநாள் வேலை முடிஞ்சு வந்து, இன்னொரு கிண்ணத்துல துணி சோப்ப கரைச்ச தண்ணி இல்லாட்டி சமையல் சோடா கரைச்ச தண்ணி வச்சு, அத பிரஷ்ஷால தொட்டு மஞ்சப் பேப்பர்ல வரையச் சொல்லுங்க. தொட்ட இடமெல்லாம் சிவப்பாகும். நான் முதல் தடவ காட்டினப்ப என் மக பிரஷ்ஷத் திருப்பித் திருப்பிப் பாத்தா, உள்ள சிவப்பு கலர் ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு நினைச்சு. அப்புறம் எலுமிச்சம்பழத்த பிழிஞ்சு தொட்டா மறுபடி மஞ்சளாகுது.

எங்க அம்மா பாத்துட்டு, "அட இது ஆரத்தித் தண்ணிதானே"ன்னாங்க. அப்பத்தான் எனக்கே பொறி தட்டுச்சு. ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவந்து வருதுல்ல, அதே விஷயம்தான். மஞ்சள்ல இருக்கற குர்குமின் சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது பட்டா சிவப்பாகும், புளிப்புல மஞ்சளாகும். வீட்டுல பிள்ளைங்களுக்கு சுண்ணாம்பு மட்டும் குடுக்காதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து, சோப்பு போதும். மஞ்சக் கறை துணியில ஏறினா லேசுல போகாது, பழைய சட்ட போட்டு விட்டுடுங்க.

சங்குப்பூ இருக்கற வீட்டுல இன்னும் நல்லது. எங்க புளோக்கு கீழ தோட்டத்துல ஒரு மலாய் ஆண்டி வளக்குறாங்க, நாசி கெராபு சோத்துக்கும் குயே பலகாரத்துக்கும் கலர் போட, கேட்டா ஒரு பிடி குடுப்பாங்க. சுடுதண்ணியில போட்டா நீலம், எலுமிச்சை விட்டா ஊதா, சோடா போட்டா பச்சையடிச்ச நீலம். மூணு கிண்ணம் மூணு கலர், ஒரே பூ. அதுல பிள்ளைங்க படம் வரையலாம், வாயில வச்சாலும் பயமில்ல.

இன்னொண்ணு, தீபாவளி பொங்கல் சமயத்துல தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, பஃபலோ ரோடு பக்கம் தென்னங்குருத்துத் தோரணம் வரும். வாங்கறப்ப ரெண்டு ஓலை சும்மா தாங்கன்னு கேட்டா பூக்கடை அண்ணன் குடுப்பாரு. அதுல ஊதல், கைக்கடிகாரம், காத்தாடி, பாம்பு. கடிகாரம் மூணு வயசுப் பிள்ளைக்குக் கட்டி விட்டா சாயங்காலம் வரைக்கும் கழட்டாது.

மதுரைப்பொண்ணு

நான் இங்க வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, உட்லண்ட்ஸ்ல வாடகை வீடு. ஊர்ல வாசல்னா வாசல், இங்க காரிடார். முதல்ல கோலம் போடவே பயமா இருந்துச்சு யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்களோன்னு. அப்புறம் எங்க வாசக்கதவுக்கு முன்னாடி சின்னதா நேர்புள்ளி அஞ்சுக்கு அஞ்சு வச்சு என் நாலு வயசு பொண்ணுகூட ஆரம்பிச்சேன். அவளுக்கு மாவ இழை பிடிக்க வராது, அதனால நான் மாவால புள்ளி வைப்பேன், அவ ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு பயறு வைப்பா. எண்ணிக்கிட்டே வைப்பா. அப்புறம் புள்ளியச் சுத்தி விரலால நான் கோடு காட்டுவேன், அவ அந்தக் கோட்டு மேல உல்லன் நூல வச்சுக்கிட்டே வருவா. நூல் ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேந்தா சரி, சேரலன்னா எங்கயோ ஒரு புள்ளிய விட்டுட்டோம்னு அவளே திரும்பப் போய்த் தேடுவா. ஈசூன் தாத்தா சொன்னது இதுக்கும் பொருந்துது, கோலமே சொல்லிடும்.

அரிசி மாவு போட்டா எறும்பு வரும். ஊர்ல அது புண்ணியம், இங்க பக்கத்து வீட்டு ஆ மாவுக்கு (சீனப் பாட்டி) எறும்பு ஆகாது. அதனால சாயங்காலமே ஈரத்துணியால தொடைச்சிடுவோம், உல்லன் நூல் கோலம்னா சுருட்டி டப்பாவுல போட்டா வேலை முடிஞ்சது. காரிடார்ல சாமான் பரப்புறவங்க பாத்துக்கோங்க, 1.2 மீட்டர் வழி எப்பவும் விட்டிருக்கணும், தீயணைப்பு விதி.

இப்ப அந்த ஆ மா எங்களோட நல்ல பழக்கம். சீனப் புத்தாண்டு முடிஞ்சதும் மிச்சம் இருந்த அங் பாவ் கவர் (காசு வச்சுக் குடுக்கற சிவப்புக் கவர்) ஒரு கட்டு கொண்டுவந்து குடுத்து, மீன் செய்யக் கத்துக்குடுத்தாங்க. கவர நீளவாக்குல மடிச்சு, மடிப்பு பக்கத்துலேர்ந்து வரி வரியா வெட்டி (கடைசி வரைக்கும் வெட்டக்கூடாது), விரிச்சு, ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒட்டினா வயிறு உப்பின மீன், சும்மா வட்டமா விட்டா விளக்கு. என் பொண்ணுக்கு மாண்டரின் தெரியாது, ஆ மாவுக்கு தமிழ் தெரியாது, ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் தரையில உக்காந்து வெட்டினாங்க.

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் நன்றி, படிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். டீச்சர் சொன்ன மாதிரி ராத்திரி அவன்கிட்ட சொன்னேன். "சரிம்மா" அப்படின்னு மட்டும் சொன்னான். அப்புறம் லைட்ட அணைச்சதுக்கு அப்புறம், "அந்த டேப்பு சீட் பெல்ட்டும்மா"ன்னான். நான் பிச்சு எறிஞ்ச டேப்பு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

இன்னொரு கேள்வி. அவன் இடது கைக்காரன். என் மாமியார் எப்பவும் "சோத்துக்கையால செய்யுடா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அவங்களும் கெட்ட எண்ணத்துல சொல்லல. கத்திரிக்கோல் வேற அவனுக்கு சரியா வெட்டவே மாட்டேங்குது, பேப்பர மடிச்சுக்கிட்டு போகுது. அவன் கைத்தப்புன்னு நினைச்சுட்டு இருக்கான்.

பாலர்_டீச்சர்

அது அவன் கைத்தப்பு இல்ல சிஸ்!! கத்திரிக்கோல் தப்பு. சாதாரண கத்திரிக்கோல்ல மேல் அலகு வலது பக்கம் இருக்கும், வலது கையால அமுக்குறப்ப ரெண்டு அலகும் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி வெட்டும். இடது கையால அமுக்குறப்ப விரல் தள்ளுற திசை மாறிப்போய் அலகு ரெண்டும் விலகிப் போகும், நடுவுல பேப்பர் போய் மடங்கிக்கும். போதாக்குறைக்கு வெட்டுற கோட்ட அந்த அலகே மறைச்சிடும், அதனால பிள்ளை தலையச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கும். இடது கைக்குன்னே அலகு மாத்தி வச்ச கத்திரிக்கோல் இருக்கு, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல ஓவியச் சாமான் விக்கிற கடையில கேட்டுப் பாருங்க. கைப்பிடி மட்டும் ரெண்டு கைக்கும்னு போட்டிருக்கறத வாங்காதீங்க, அலகு மாறியிருக்கணும். வாங்கறப்ப ரெண்டையும் எதிர் எதிரா பிடிச்சுப் பாத்தா கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கணும்.

மாமியார்கிட்ட, சாப்பிடறது அவங்க சொல்ற கையில, எழுதறது வெட்டறது அவன் கையிலன்னு பேசிக்கோங்க. எங்க அக்கா வீட்டுல அப்படித்தான் ஒத்துக்க வச்சோம்.

புங்கோல்_இரட்டையர்

எங்க வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க, ரெண்டரை வயசு. எதைக் குடுத்தாலும் வாயிலதான் போகுது. என்ன செய்யலாம்? உப்பு மாவு பொம்மைன்னு செஞ்சோம், ரெண்டு நாள்ல பிசுபிசுன்னு ஆகி பூஞ்சை பிடிச்சுப் போச்சு. எல்லா வீடியோலயும் கல்லு மாதிரி காயுதே, நமக்கு மட்டும் ஏன்?

தேக்கா_பக்கம்

ஊரு ஈரம்தான் காரணம். உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், நம்ம ஊர்ல காத்துல எப்பவும் ஈரம், மழை மாசத்துல கேக்கவே வேணாம். ரெண்டு கப் மைதா ஒரு கப் உப்பு ஒரு கப் தண்ணின்னு போட்டு பிசைஞ்சா, மெல்லிசா தட்டி ஓவன்ல 100 டிகிரி கிட்ட வச்சு ரெண்டு மூணு மணி நேரம் மெதுவா காய விடணும், நடுவுல திருப்பிப் போடணும். அதுக்கப்புறம் பெயிண்ட் அடிச்சு மேல வார்னிஷ் அடிச்சாத்தான் நிக்கும். ஆனா உங்க பிள்ளைங்க வயசுக்கு அத குடுக்காதீங்க, அதுல இருக்கற உப்பு ரொம்ப ஜாஸ்தி, சின்ன உடம்புக்கு ஒரு உருண்டை முழுங்கினாலே கெடுதல். சப்பாத்தி மாவே குடுங்க, பக்கத்துலயே உக்காந்து. பச்ச மாவும் திங்கக் கூடாதுதான், ஆனா ஒரு துளி நாக்குல பட்டா உப்பு மாவு அளவுக்குப் பயமில்ல. வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடலாம், காய வைக்கிற வேலையே இல்ல.

பசைக்கு சோத்துப் பசை. நாலு பருக்கைய விரலால மசிச்சா பேப்பர் ஒட்டும். நான் சின்ன வயசுல பட்டம் ஒட்டினது அதுலதான். மைதா காய்ச்சினாலும் சரி, ஃபிரிட்ஜ்ல மூணு நாள் வச்சுக்கலாம். முன்னாடி போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், வீட்டுப் பசையில சேக்கவே சேக்காதீங்க.

ஈசூன்_தாத்தா

வாயில போடுற வயசுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். இங்க ரோட்டோரத்துலயும் பார்க்குலயும் சாகா மரம் நிறைய இருக்கு, நம்ம ஊர்ல மஞ்சாடின்னு சொல்றது. கீழ சிவப்பு சிவப்பா விதை கிடக்கும். இதய வடிவத்துல பளபளன்னு முழுச் சிவப்பு. பிள்ளைங்க பொறுக்காம இருக்காது, பெரிய பிள்ளைங்க ஒட்டுறதுக்கும் பல்லாங்குழிக்கும் ரொம்ப நல்லா இருக்கும். ஆனா குன்றிமணி வேற. அது சின்னது, சிவப்புல ஒரு முனையில கறுப்புக் கண்ணு இருக்கும், கொடியில காய்க்கும். அது கொடிய விஷம், ஓடு உடைஞ்சு உள்ள போனா ஒரு விதையே உயிருக்கு ஆபத்து. பழைய காலத்துல தட்டான் தங்கம் நிறுக்க வச்சது, பிள்ளையாருக்குக் கண்ணு வைக்கிறது அது. ஊர்லேர்ந்து யாராச்சும் கொண்டுவந்து குடுத்தா பிள்ளைங்க கைக்குப் போகாம வைங்க. மஞ்சாடியும் தின்னக் கூடாது, மூணு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு எந்த விதையும் வேணாம், தொண்டையில அடைக்கும். டாய்லெட் பேப்பர் ரோல் அட்டைக்குள்ள விழுந்து போற எந்தச் சாமானும் அந்த வயசுக்குக் குடுக்கக்கூடாதுன்னு என் மருமக சொல்லும், நல்ல கணக்கு அது. மரத்துலேர்ந்து பறிக்க வேணாம், காப்புக் காடுகள்ல கீழ கிடக்கறதக் கூட எடுக்கக்கூடாது.

நாலாம்மாடி_அப்பா

தேக்கா சிஸ், மஞ்சப் பேப்பர் செஞ்சோம். புதன்கிழமை ராத்திரி தடவி வச்சேன், வியாழன் எட்டரைக்கு உக்காந்தோம். என் மக சோப்புத் தண்ணியில என் பேர எழுதினா. தமிழ்ல. பள்ளியில எழுத மாட்டேன்னு அடம் பிடிக்கிறவ. இன்னும் எழுதவான்னு கேட்டா, பேப்பர் தீந்து போச்சு. சோப்புத் தண்ணிய வச்சு எழுத்து சொல்லிக்குடுக்கலாம்னு எனக்கு இவ்வளவு நாளா தோணல.

மதுரைப்பொண்ணு

அண்ணே இதையும் செஞ்சு பாருங்க. தமிழ் முரசு வாங்குற வீடுன்னா பழைய பேப்பர்ல தலைப்பு எழுத்து பெரிசு பெரிசா இருக்கும்ல, அதுல பிள்ளை பேர்ல இருக்கற எழுத்த தேடிப் பிடிச்சு வெட்டி ஒட்டுறது. நாங்க ஞாயித்துக்கிழமை செய்வோம். என் பொண்ணுக்கு ழ ரொம்பப் பிடிக்கும், யானை தும்பிக்கைய சுருட்டி வச்சிருக்குன்னு சொல்லுவா. ஒரு பக்கத்துல எத்தன ழ இருக்குன்னு வட்டம் போட்டு எண்ணுவா. 1935லேர்ந்து வர்ற பேப்பர், எங்க வீட்டுக்கார் படிச்சு முடிச்சதும் அவ கைக்குப் போயிடும்.

அப்புறம் ஐஸ்கிரீம் குச்சி சேத்து வைங்க. 2023 பொங்கல் சமயத்துல லிட்டில் இந்தியாவுல சுதா ரவி அவங்களும் அவங்க மக ரக்‌ஷிதாவும் 26,000 ஐஸ்கிரீம் குச்சியில ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ரங்கோலி செஞ்சாங்க, திருவள்ளுவர் ஔவையார் பாரதியார் பாரதிதாசன் எல்லாரும் அதுல இருந்தாங்க, சிங்கப்பூர் சாதனைப் புத்தகத்துல வந்துச்சு. அம்மாவும் மகளும் சேந்து செஞ்சதுங்கறதுதான் எனக்கு மனசுல நின்னுச்சு. என் பொண்ணுகிட்ட போட்டோ காட்டினேன், இப்ப குச்சிய கழுவி டப்பாவுல போடுறா, எழுபத்தி சொச்சம் சேந்திருக்கு.

புங்கோல்_இரட்டையர்

செஞ்சத எல்லாம் எங்க வைக்கிறீங்க? மூணு ரூம் வீட்டுல ஏற்கனவே இடமில்ல. ஒண்ண தூக்கிப் போட்டா அன்னிக்குன்னு அதத்தான் கேக்குதுங்க.

பாலர்_டீச்சர்

பிள்ளைக்குத் தெரியாம தூக்கிப் போடாதீங்க, அது கண்டுபிடிச்சா அடுத்தது செய்யறப்ப மனசு வராது. ஒரு சுவர்ல கயிறு கட்டி கிளிப் போட்டு ஏழெட்டு மட்டும் தொங்க விடுங்க, புதுசு வந்தா எது இறங்கணும்னு பிள்ளையே சொல்லட்டும். இறங்கினத அது கையில பிடிச்ச மாதிரி போட்டோ எடுத்துட்டு அனுப்பிடலாம். மினுக்குத் தூள், பெயிண்ட், டேப்பு போட்டதெல்லாம் மறுசுழற்சி நீலத் தொட்டியில போட வேணாம், சாதா குப்பைக்குத்தான்.

ஈசூன்_தாத்தா

வீட்டுக்காரி சொல்லச் சொல்லுது, அஞ்சுக்கல் செய்யச் சொல்லுங்கன்னு. இடத்த அடைக்காது, தினம் விளையாடலாம். மலாய்க்காரங்க பத்து செரெம்பான்னு சொல்வாங்க, மலாயில பத்துன்னா கல்லு. அவ சொல்றத அப்படியே எழுதுறேன்.

பழைய ஜாக்கெட் துணியில பத்து சென்டிமீட்டர் நீளம் அஞ்சு சென்டிமீட்டர் அகலம் அஞ்சு துண்டு. நல்ல பக்கம் உள்ள போற மாதிரி பாதியா மடிச்சா சதுரமாகும். மடிப்ப விட்டுட்டு, மிச்சம் இருக்கற மூணு பக்கத்துல அடுத்தடுத்த ரெண்டு பக்கத்த தைக்கணும். உள்பக்கத்த வெளிய திருப்பி, முக்கால்வாசி பச்சைப்பயறு ரொப்பணும். இப்ப வாய மூடுறதுலதான் விஷயம் இருக்கு. அப்படியே நேரா தைச்சா தலகாணி ஆயிடும். தையலையும் எதிர்ல உள்ள மடிப்பையும் நடுவுல ஒண்ணா கொண்டுவந்து, வாய குறுக்குவாட்டுல பிடிச்சு தைச்சா நாலு மூலையோட முக்கோணமா நிக்கும். பயற வெறும் வாணலியில வறுத்து நல்லா ஆறவிட்டு போடணும், பச்சையா போட்டா ரெண்டு மாசத்துல வண்டு வந்துடும். ஆறு வயசுப் பிள்ளை தைக்கும், முனை மழுங்கின பெரிய ஊசி, ரெட்டை நூல், பக்கத்துல பெரியவங்க. மூணு வயசுக்காரி பயற அள்ளிப் போடலாம், எண்ணி வாங்கிக்குங்க.

செங்காங்_அம்மா

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

இடது கைக் கத்திரிக்கோல் வாங்கினோம். கடையில வச்சே ஒரு ரசீத வெட்டிப் பாத்தான். நறுக்குன்னு போச்சு. என்னைத் திரும்பிப் பாத்தான், அப்புறம் அந்த ரசீத பொடிப் பொடியா வெட்டித் தீத்தான், கடைக்கார ஆண்டி குப்பைத் தொட்டிய நகத்தி வச்சாங்க. மாமியார் அன்னிலேர்ந்து கைய பத்தி ஒண்ணும் சொல்லல. அஞ்சுக்கல்லுக்கு அவங்க பழைய ஜாக்கெட்டுதான் குடுத்தாங்க, அரக்கு கலர், அவங்களே பயறு வறுத்தாங்க. அவங்க பினாங்குல சின்னப் பிள்ளையா இருந்தப்ப விளையாடினதாம், எனக்கு கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு, இப்பத்தான் தெரியும்.

முதல் ரெண்டு கல்ல மாமியார் காட்டிக் குடுத்தாங்க. மூணாவத அவனே தைச்சான். தையல் ஒவ்வொண்ணும் அரை விரக்கடை தூரம். எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு, எழுந்து போய் காப்பி கலக்கினேன். திரும்பி வர்றப்ப அத மேல தூக்கிப் போட்டு பிடிக்கறான், பிடிச்ச கையிலேர்ந்து பயறு கொட்டுது. தரை பூரா பயறு. சின்னவ ஒவ்வொண்ணா பொறுக்கி கிண்ணத்துல போடுறா. நான் ஒண்ணும் சொல்லல, மாமியாரும் ஒண்ணும் சொல்லல. அவன் கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஓட்ட எங்கன்னு விரல விட்டுக் கண்டுபிடிச்சு, "பாட்டி, இங்க கிட்ட கிட்ட போடணும்"னு சொல்லிட்டு ஊசிய எடுத்தான்.

இப்ப அஞ்சும் ரெடி. அந்த மூணாவது கல்லு மட்டும் ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டு தையல் மேல தையலா இருக்கு. விளையாடுறப்ப முதல்ல அதத்தான் மேல போடுறான்.

ஈசூன் ஐயா, அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாலையும் ஒரே அள்ளா அள்ளுற ஆட்டத்துல மேல போட்ட கல்லு கீழ வர்றதுக்குள்ள அவன் கைக்கு நாலும் எட்டல, கல்ல இன்னும் சின்னதா தைக்கணுமா இல்ல பழகினா வந்துடுமா?

ஈசூன்_தாத்தா

கேட்டேன். பழகினா வந்துடும்ங்குது. கல்ல வீசறப்ப நாலும் பக்கத்துல பக்கத்துல விழுற மாதிரி தாழ்வா வீசச் சொல்லு, கல்லு சின்னதானா பிடிக்கறதுக்குத்தான் கஷ்டம்னு சொல்லுது. சனிக்கிழமை ஈசூன் பக்கம் வந்தா பையன கூட்டிட்டு வாங்க, அவளும் ஆளில்லாம ஒத்தையாத்தான் விளையாடிக்கிட்டு இருக்கா.